பனி விலகாத பாதையில் ஹேம்குண்ட் ஏரிக்கு

ஜூன் மாதம் பிறந்தால் நமக்கெல்லாம் என்ன நினைவுக்கு வரும்? குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பது, நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, கத்திரி முடிந்த பிறகும் விடாமல் வாட்டும் புழுக்கம், இவைதானே! அதே ஜூன் மாதத்தில், நம் நாட்டிலேயே ஓரிடத்தில், ஆள் உயரத்துக்குப் பனியை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, பாட்டிமார்கள்கூட ஒரு ஏரியைப் பார்க்க ஏறிப் போகிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

அந்த ஏரிதான் ஹேம்குண்ட். உத்தரகாண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், 14,000 அடிக்கும் மேலே, ஏழு சிகரங்களுக்கு நடுவே தட்டில் வைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், தம் முற்பிறவியில் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்டில் தவம் செய்ததாக 'பசித்தர் நாடகம்' என்ற நூல் சொல்கிறது. அந்த இடம் இதுதான் என்று 1930-களில் அடையாளம் கண்டார்கள். அதற்கு முன்பே மலைவாசிகளுக்கு இது புண்ணியத் தலம். அவர்கள் இதை லோக்பால் என்பார்கள். ராமாயணத்து லட்சுமணன் தவம் செய்த இடம் என்று கரையில் அவனுக்குச் சின்னக் கோயிலும் இருக்கிறது. ஒரே கரையில் குருத்வாராவும் கோயிலும்!

2024 ஜூன் முதல் வாரத்தில் நான், என் கணவர், என் அண்ணன், அண்ணி என்று நான்கு பேராக அங்கே போய்வந்தோம். மே 25-ஆம் தேதிதான் பாதையைத் திறந்திருந்தார்கள். எல்லாரும் ஏரியின் அழகைத்தான் கேட்கிறார்கள். அழகைச் சொல்லாமல் விடப் போவதில்லை. ஆனால் அதைவிட முக்கியமாக நம் பெண்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா

பத்ரிநாத் போனவர்களுக்கு இந்த வழி பழக்கமானதுதான். ரிஷிகேசத்திலிருந்து அலக்நந்தாவின் கரையோடு மலைப்பாதையில் ஜோஷிமட் வரை வரவேண்டும். திவ்யதேச யாத்திரை செய்கிறவர்கள் திருப்பிரிதி என்று சேவிக்கும் தலம் இதுதான். அங்கிருந்து பத்ரி போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கோவிந்த்காட். பத்ரிக்குப் போகிற பஸ்கள் நேரே போய்விடும். ஹேம்குண்ட் யாத்ரீகர்கள் இங்கே இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். பத்ரிநாதரை நாங்கள் திரும்பும்போது சேவிப்பதாக ஏற்பாடு.

ஆற்றைக் கடந்து 4 கிலோமீட்டர் ஜீப்பில் போனால் புல்னா என்ற சின்ன ஊர். அதோடு வண்டிச் சாலை தீர்ந்துவிடுகிறது. அங்கிருந்து காங்கரியா வரை சுமார் 10 கிலோமீட்டர் நடைதான். நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு. 'கண்டி' என்று முதுகுக் கூடையில் ஆளையே உட்காரவைத்துத் தூக்கிப் போவதும் உண்டு. அந்தக் கூடையில் ஒரு பாட்டியம்மா பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்து, எதிரே ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போன காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாதை நெடுக ஒரு பக்கம் லட்சுமண கங்கை பாறைகளில் மோதி இரைந்துகொண்டே கூட வருகிறது. ஹேம்குண்டிலிருந்து இறங்கும் ஓடையும், பூக்களின் பள்ளத்தாக்கிலிருந்து வரும் புஷ்பாவதி ஆறும் காங்கரியா அருகே கலந்து உண்டானது இந்த ஆறு. கீழே கோவிந்த்காட்டில் அலக்நந்தாவோடு சேர்ந்துவிடுகிறது. 2013 ஜூன் மாத வெள்ளத்தில் கோவிந்த்காட் பாலம், கட்டிடங்கள், நிறுத்தியிருந்த வண்டிகள் எல்லாம் அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கலாம். அந்த ஆறா இது என்று கேட்கத் தோன்றும், அத்தனை தெளிவான தண்ணீர்!

காங்கரியா 10,000 அடி உயரத்தில் தேவதாரு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. குளிர்காலத்தில் ஊரே காலி. யாத்திரை நடக்கும் நாலைந்து மாதங்கள்தான் இங்கே மனித நடமாட்டம். குருத்வாராவில் யார் போனாலும் தங்க இடமும் கம்பளியும் சாப்பாடும் இலவசம். சாயங்காலம் ஐந்து மணிக்கே குளிர் எலும்பில் ஏறிவிட்டது. சுடச்சுட ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கு மூன்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அண்ணி மட்டும், "எனக்குப் பசிக்கலை, டீ போதும்" என்றார்கள். நடந்த களைப்பு என்று நினைத்தோம்.

பனி என்றால் பஞ்சு இல்லை

மறுநாள் காலை ஐந்து மணிக்கே புறப்பட்டாயிற்று. காங்கரியாவிலிருந்து ஹேம்குண்ட் வெறும் 6 கிலோமீட்டர்தான். "ஆறு கிலோமீட்டரா? மதுரையிலே மாசி வீதியைச் சுத்தி வர்ற மாதிரி!" என்றான் அண்ணன். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 4,000 அடிக்கும் மேலே ஏறியாக வேண்டும். சமதரை என்ற பேச்சே இல்லை. வளைந்து வளைந்து ஏறுகிற பாதையில் நூறு அடி எடுத்து வைத்தால் நின்று மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது.

உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஹேம்குண்டில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, சென்னையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். நம் சமையலறைக் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் அங்கே சமையல் நடக்காது. பருப்பையே வேகவிடாத காற்று நம் உடம்பை மட்டும் சும்மா விடுமா?

முதல் இரண்டு மணி நேரம் வழியெல்லாம் பச்சை. மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, பிறகு புல் மட்டும் என்று ஆயிற்று. அங்கங்கே பாறை நிழலில் அழுக்குப் போர்வை மாதிரி பனி கிடந்தது. "இதுதானா?" என்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. அட்லாகோட்டி என்ற இடத்துக்கு வந்ததும் வாயடைத்துப் போனோம். மலைச்சரிவு முழுவதும் மேலிருந்து கீழே வரை ஒரே வெள்ளை! அதன் குறுக்கே கத்தியால் கேக் வெட்டின மாதிரி ஒரு பாதை. இரண்டு பக்கமும் பனிச்சுவர். என் கணவர் கையைத் தூக்கிப் பார்த்தார், உச்சி எட்டவில்லை.

இந்தப் பாதை தானாக உண்டானதில்லை. ஒவ்வொரு வருஷமும் யாத்திரை தொடங்கும் முன்பே நம் ராணுவத்தின் பொறியாளர் படை வீரர்கள் வந்து, குருத்வாரா சேவகர்களோடு சேர்ந்து, மண்வாரி கொண்டு கையாலேயே பனியை வெட்டி வழி உண்டாக்குகிறார்கள். அவர்கள் உழைத்த உழைப்பின் மேல்தான் நாம் நடக்கிறோம்.

பனி என்றால் சினிமாவில் காட்டுகிற பஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பனி ஒரு நாளில் மூன்று ரூபம் எடுக்கிறது. விடியற்காலையில் இரவுக் குளிரில் இறுகிக் கண்ணாடி மாதிரி வழுக்கும். வெயில் ஏறினால் மேலே சற்று இளகி, காலைப் பிடித்து நிறுத்துகிற பதத்துக்கு வரும். நடக்க அதுதான் நல்ல நேரம். உச்சி வேளைக்குப் பிறகு பாகு முறிந்த மாதிரி சொதசொதவென்று ஆகிக் கால் முழங்கால்வரை புதையும். அப்போது மேலே சரிவில் இருக்கும் பனியும் பிடிமானம் தளர்ந்து இறங்கக் கூடும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 ஜூன் 4-ஆம் தேதி, தரிசனம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தின் மேல் இதே அட்லாகோட்டியில் பனி சரிந்தது. ஐந்து பேரை மீட்டார்கள். ஒரு பெண்ணின் உயிர் போய்விட்டது. 'சீக்கிரம் போ, சீக்கிரம் இறங்கு' என்று அங்கே எல்லாரும் விரட்டுவதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

இன்னொன்று, ஓடை மேல் மூடியிருக்கும் பனி. மேலே பார்க்கக் கெட்டித் தரை மாதிரி இருக்கும். அடியில் தண்ணீர் ஓடி ஓடிக் குடைந்து, வெறும் கூடாக இருக்கும். காலடியில் தண்ணீர் சத்தம் கேட்டால் வெட்டிய பாதையை விட்டு அரை அடிகூட விலகக் கூடாது. போட்டோ எடுக்கிறேன் என்று ஓரத்துக்குப் போன ஒரு இளைஞரை, அங்கே நின்ற காவலர் போட்ட சத்தம் மலை முழுதும் எதிரொலித்தது!

"ஒண்ணுமில்லை, நீங்க போங்க"

பனி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் தார்ப்பாய் போட்ட ஒரு டீக்கடை. அந்த வாரம் கழுதைகளையும் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். இனி எல்லாருக்கும் நடைதான். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அண்ணி மட்டும் டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஆறி ஆடை படிந்த பிறகும் குடிக்கவில்லை.

"என்ன அண்ணி, என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை. நீங்கள்லாம் குடிங்க, கிளம்பலாம்."

இந்த 'ஒண்ணுமில்லை' எனக்குப் பழக்கமான 'ஒண்ணுமில்லை'. எங்கள் அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிவருவது. நூற்றிரண்டு டிகிரி ஜுரத்தோடு பொங்கல் பானை ஏற்றியபோதும் இதைத்தான் சொன்னார்கள். கையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். எங்கள் அண்ணியைத்தான் சொல்ல வேண்டுமா? நம் வீடுகளில் எந்தப் பெண் சொல்லாமல் இருக்கிறாள்?

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, இது வீடு இல்லை. இங்கே ஒளிக்கக் கூடாது. உண்மையைச் சொல்லுங்க, தலை வலிக்குதா?"

கண் கலங்கிவிட்டது அவர்களுக்கு. "ராத்திரி ரெண்டு மணியிலேர்ந்து மண்டையைப் பிளக்குது. காலையிலே எல்லாரும் பல் தேய்க்கும்போது வாந்தி எடுத்தேன். தண்ணி ஊத்தி விட்டுட்டேன். இவ்வளவு செலவு பண்ணி, லீவு போட்டு வந்திருக்கீங்க. என்னாலே எல்லாருக்கும் கெட்டுப் போச்சுன்னு ஆகக் கூடாது, அதான்..."

அண்ணனுக்கு முகமே மாறிவிட்டது. "ஏம்மா, என்கிட்டேகூடச் சொல்லலையே!" என்றான். அடுத்த நிமிஷம், இன்னும் கொஞ்ச தூரம்தானே, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் போய்விடலாமே என்ற சபலமும் வந்தது. யாருக்குத்தான் வராது? பனிக்கு அந்தப் பக்கம் ஏரி இருக்கிறது!

ஆனால் மலை வியாதியில் சபலத்துக்கு இடம் கிடையாது. உயரத்தில் தலைவலியோடு குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசாதாரணக் களைப்பு இவற்றில் ஏதாவது சேர்ந்தால், வேறு காரணம் நிரூபணம் ஆகும் வரை அது மலை வியாதிதான் என்று கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. தலைவலி மாத்திரை வலியை மறைக்கும், ஆனால் வியாதி உள்ளே வளர்ந்துகொண்டே போகலாம். முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டு, சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான்.

முற்றிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. நேர்கோட்டில், ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொட அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் அவசர நிலைமை. கடை வாசலில் கல் பாவிய ஒரு வரிசை இருந்தது. அண்ணியை அதன் மேல் நடக்கச் சொன்னோம். கோலக்கோடு மாதிரி நேராகத்தான் நடந்தார்கள். "அப்பாடா!" என்றிருந்தது. பேச்சிலும் தடுமாற்றம் இல்லை, உட்கார்ந்திருக்கும்போது மூச்சுத் திணறலும் இல்லை. அதனால் பயம் இல்லை, ஆனால் இறங்கியாக வேண்டும்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். "வா, கீழே போய் ரசம் கிடைக்குதான்னு பார்ப்போம்" என்றான். காங்கரியாவில் ரசத்துக்கு எங்கே போவது! அழுதுகொண்டிருந்த அண்ணி சிரித்துவிட்டார்கள். கீழே இறங்கும் கழுதையைப் பிடித்து அண்ணியை ஏற்றி, அண்ணன் கூடவே நடந்தான். இப்படி இறங்குகிறவர்களைத் தனியே அனுப்பவே கூடாது, யாராவது துணை போயே ஆகவேண்டும்.

புறப்படும்போது அண்ணி சொன்னது இதுதான்: "நீ பாத்துட்டு வந்து சொல்லு. நான் கண்ணை மூடிட்டுக் கேட்டுக்கிறேன்."

ஏரிக்கரையில்

நானும் என் கணவரும் மேலே போனோம். பனிப்பாதையில் எங்களுக்கு முன்னால் போனவர்கள் பதித்த அடிச்சுவட்டிலேயே அடி வைத்து நடந்தோம். ஏறும்போது காலின் முன்பாதத்தைப் பனியில் குத்தி ஊன்ற வேண்டும். இறங்கும்போது குதிகாலை முதலில் அழுத்த வேண்டும். சின்னச் சின்ன அடி, ஒவ்வொரு அடிக்கும் தடியால் முன்னே தட்டிப் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் சூத்திரம். கடைசியில் செங்குத்தாகக் கல் படிகள். அவற்றிலும் பாதி பனியில் மறைந்திருந்தன. பின்னால் வந்த பஞ்சாபிப் பெண்கள் ஒருத்தி விட்டால் ஒருத்தி "வாஹே குரு, வாஹே குரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்தத் தாளத்துக்கே என் காலும் ஏற ஆரம்பித்துவிட்டது!

பதினோரு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது ஐந்து மூலைக் கூரையோடு நட்சத்திர வடிவில் குருத்வாரா. அதைச் சுற்றிக்கொண்டு போனால்... ஏரி!

பாதி ஏரி இன்னும் உறைந்தே இருந்தது. நடுவில் வெள்ளைத் தகடு, ஓரத்தில் மட்டும் தண்ணீர் விட்டிருந்தது. அந்தத் தண்ணீரின் நிறத்தை நீலம் என்பதா, பச்சை என்பதா, மயில் கழுத்து என்பதா! உடைந்த பனித்துண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு 'கிளிங் கிளிங்' என்று மெல்லிய சத்தம். அடிவரை உறைந்துவிடாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். சர்பத்தில் போட்ட ஐஸ் கட்டி மேலேதானே மிதக்கிறது? அதே கதைதான். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனம். அந்தக் கனத் தண்ணீர் அடியில் தங்கிவிட, பனி மேலே மூடியாக மிதக்கிறது. மூடி போட்ட பாத்திரம் மாதிரி, உள்ளே ஏரி உயிரோடுதான் இருக்கிறது.

பக்தர்கள் அந்தத் தண்ணீரில் முழுக்குப் போடுகிறார்கள். பெண்களுக்கு மறைவான இடம் தனியே உண்டு. நான் கையை விட்டு முகத்தில் மூன்று முறை தெளித்துக்கொண்டதோடு சரி. விரல் நுனி ஐந்து நிமிஷம் என் விரலாகவே இல்லை!

லட்சுமணன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, குருத்வாராவில் சற்று நேரம் உட்கார்ந்தோம். உள்ளங்கையில் நெய் சொட்டச் சொட்ட கோதுமைப் பிரசாதம். வெளியே சுடச்சுட கிச்சடியும் டம்ளர் நிறைய டீயும். அந்த உயரத்துக்கு அரிசி, பருப்பு, விறகு, காஸ் எல்லாம் யாரோ சுமந்து வந்து, யாரோ குக்கரில் ஏற்றி, முகம் தெரியாத நமக்குப் பரிமாறுகிறார்கள். காசு கிடையாது, கேள்வி கிடையாது. பிரசாதத்தில் பாதியை அண்ணிக்கென்று மடித்து வைத்துக்கொண்டேன்.

மேலே யாரும் இரவு தங்கக் கூடாது. பகல் பொழுதிலேயே எல்லாரையும் இறக்கிவிடுகிறார்கள். நாங்கள் பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டோம். காலையில் கெட்டியாக இருந்த பனி அதற்குள் குழைய ஆரம்பித்திருந்தது.

காங்கரியாவில் அண்ணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இறங்க இறங்கவே தலைபாரம் விட்டுப் போச்சு" என்றார்கள். அன்று ராத்திரி விளக்கணைத்த பிறகு, ஏரியின் நிறம், பனியின் சத்தம், கிச்சடியின் ருசி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். நடுவில் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்து நிறுத்தினால், "உம், அப்புறம்?" என்று குரல் வந்தது.

இரண்டு நாள் கழித்து பத்ரிநாதரை நான்கு பேரும் சேர்ந்தே சேவித்தோம். அண்ணிக்கு ஹேம்குண்ட் பார்க்கவில்லையே என்ற குறை இன்னும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊருக்கு வந்த பிறகு அண்ணன் ஒரு நாள் போனில் சொன்னான்: "இப்பல்லாம் உங்க அண்ணி உடம்பு முடியலைன்னா முடியலைன்னு சொல்றா. சாயங்காலம் ஓட்டல்லே இட்லி வாங்கிக்கிறோம்."

போக நினைக்கும் சகோதரிகளுக்கு

யாத்திரை பெரும்பாலும் மே கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடியும். பனியைப் பார்க்க ஆசை என்றால் ஜூன். பிரம்ம கமலம் பூத்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்டும், ஆனால் அப்போது மழை, மண்சரிவு உண்டு. செப்டம்பரில் பாதை தெளிவாக இருக்கும்.

வசதி இருந்தால் காங்கரியாவில் ஒரு ராத்திரிக்குப் பதில் இரண்டு ராத்திரி தங்குங்கள். உடம்பு உயரத்துக்குப் பழக நேரம் வேண்டும். ஹெலிகாப்டரில் காங்கரியா போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். கோவிந்த்காட்டிலிருந்து ஹேம்குண்டுக்கு 12.4 கிலோமீட்டர் ரோப் கார் அமைக்க 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அது வந்தால் கால் வலி மிச்சம்தான். ஆனால் மெல்லிய காற்று அதே காற்றுதான், இதை மறக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள், இருதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம். கைக்குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாதே! மலை வியாதி வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை உண்டு. அது எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. முக்கியமாக, சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பருத்திப் புடவையும் பருத்திச் சட்டையும் வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பை விறைக்கவைத்துவிடும். உள்ளே சீக்கிரம் உலரும் துணி, நடுவில் கம்பளி, மேலே மழைக்கோட்டு என்று மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் நன்றாகப் பள்ளம் வெட்டிய, கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும். அதுவும் வீட்டிலேயே பத்து நாள் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். மாற்றுக் காலுறை இரண்டு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. புதுப் பனி வெயிலில் பெரும் பகுதியைத் திருப்பி அடிக்கிறது. கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால் கண்ணில் மணல் போட்டது போல உறுத்தி நீர் கொட்டும். முகவாய்க்கு அடியிலும் மூக்குக்குக் கீழும்கூடக் களிம்பு தடவ வேண்டும், வெயில் கீழேயிருந்தும் வருகிறது!

கடைசியாகத் தண்ணீர். வெளியூர் போனால், கழிப்பிடம் தேடவேண்டுமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் வழக்கம். அங்கே குளிரில் தாகமும் தெரியாது. தாகம் இல்லாவிட்டாலும் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம்.

புறப்படும் முன் வீட்டிலேயே எல்லாரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். யாருக்கு எது செய்தாலும் உடனே சொல்ல வேண்டும், சொன்னவரை யாரும் குறை சொல்லக் கூடாது, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் துணையாக இறங்க வேண்டும். இந்த மூன்றையும் மூட்டை கட்டும் முன்பே பேசி முடித்துவிட்டால், பாதித் தைரியம் அப்போதே வந்துவிடும். மீதித் தைரியத்தை ஏரி கொடுக்கும். நல்லபடியாகப் போய்வாருங்கள்!